கார்பேஜ் கலெக்‌ஷன்: பழி ஓ.எஸ். மேலா, சிப் மேலா?

நம்பிக்கை: ஒரே ஜாவா நிரல் விண்டோஸ் லேப்டாப்பில் சீராக ஓடுகிறது, லினக்ஸ் சர்வரில் திணறுகிறது. ஆகவே லினக்ஸில் ஜிசி (பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன்) மந்தம்.

உண்மை: இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே கலெக்டர்தானா என்று முதலில் பாருங்கள். ஜாவா 21, குறைந்தது 2 சிபியுவும் ஏறக்குறைய 2 ஜிபி நினைவகமும் கண்ணில் பட்டால்தான் ஜி1 கலெக்டரை எடுக்கும். இல்லையென்றால் சத்தமில்லாமல் சீரியல் கலெக்டருக்குப் போய்விடும். சர்வரில் 1 சிபியு, 1 ஜிபி என்று அளந்துவிட்ட கன்டெய்னருக்குள் நிரலைப் போட்டால் நடப்பது இதுதான்: மற்ற த்ரெட்டுகள் எல்லாம் நிற்க, ஒற்றை த்ரெட் மட்டும் ஹீப்பை, அதாவது நிரலின் பொருள்கள் இருக்கும் நினைவகத்தை, சுத்தம் செய்கிறது. அந்த இடைநிறுத்தத்தை லினக்ஸின் தலையில் கட்டுவது அநியாயம். ஜிசி லாகைத் திறந்தால் எந்தக் கலெக்டர் என்பது தொடக்க வரிகளிலேயே இருக்கும். அந்தத் தகவல் இல்லாத ஒப்பீட்டு அட்டவணை எதையும் நான் நம்புவதில்லை.

நம்பிக்கை: நினைவகக் கணக்கு இறங்கவில்லையா, ஜிசி வேலை செய்யவில்லை.

உண்மை: 2019-ல் வந்த கோ மொழியின் 1.12 பதிப்பு, லினக்ஸில் காலி நினைவகப் பக்கங்களை ‘மேட்வ் ஃப்ரீ’ என்று குறித்துத் திருப்பித் தந்தது. நினைவக நெருக்கடி வரும்வரை கெர்னல் அவற்றைத் தொடாது. அதுவரை ஆர்எஸ்எஸ் (நிரல் பிடித்திருக்கும் நினைவகம்) கணக்கில் அவை நிரலின் பெயரிலேயே நிற்கும். இல்லாத கசிவைத் தேடிப் பலர் அலைந்தார்கள். 2021-ல் கோ 1.16, கணக்கில் உடனே குறையும் ‘மேட்வ் டோன்ட்நீட்’ முறைக்கே திரும்பியது.

நம்பிக்கை: ஹீப்பைக் கூட்டக் கூட்ட லாபம்.

உண்மை: ஹீப் சுமார் 32 ஜிபிக்குள் இருந்தால், ஜாவா நிரலை ஓட்டும் ஹாட்ஸ்பாட் ஒவ்வொரு சுட்டியையும் 4 பைட்டில் அடக்கும். தாண்டினால் 8 பைட். சுட்டிகள் மலிந்த நிரலுக்கு 31 ஜிபியைவிட 33 ஜிபியில் இடம் குறைவாகவே கிடைக்கலாம்.

நம்பிக்கை: ஆர்ம் சிப்பில் ஜிசி எப்போதும் பின்தங்கும்.

உண்மை: நினைவக வரிசை விஷயத்தில் எக்ஸ்86 கண்டிப்பானது, ஆர்ம் தளர்வானது. நிரல் ஓடும்போதே வேலை செய்யும் கலெக்டருக்கு அங்கே கூடுதல் தடுப்புக் கட்டளைகள் தேவைப்படும். ஆனால் ஆப்பிளின் எம்1 மேக்கில் நினைவகப் பக்கம் 16 கேபி. எக்ஸ்86-இல் வழக்கமாக 4 கேபி. பெரிய பக்கம் என்றால் அதே ஹீப்புக்கு முகவரி மாற்றப் பதிவுகள் குறைவு. ஒன்று இழுக்கிறது, ஒன்று தள்ளுகிறது. எது மிஞ்சும் என்பது ஒரே ஜேடிகே (ஜாவா தொகுப்பு) பதிப்பு, ஒரே கலெக்டர், ஒரே ஹீப் அளவு வைத்து உங்கள் நிரலையே ஓட்டினால்தான் தெரியும். பழைய எண்களும் உதவாது: 2018-ல் ஜேடிகே 11-உடன் வந்த இசட்ஜிசி என்ற கலெக்டர், லினக்ஸ் எக்ஸ்64-இல் மட்டுமே ஓடியது, விண்டோஸுக்கும் மேக்குக்கும் அது 2020-ல், ஜேடிகே 14-இல்தான் வந்தது.