கோஹா தெரிந்த லைப்ரரியனுக்குத்தான் டிமாண்ட்

திருச்செங்கோடு, ராசிபுரம், சங்ககிரி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு கல்லூரி பஸ் எதிரே வரும். ஒவ்வொரு கல்லூரிக்கும் லைப்ரரியன் வேண்டும். ஆனால் இன்டர்வியூவில் உங்கள் பக்கத்தில் காத்திருப்பவரிடமும் அதே நூலக அறிவியல் டிகிரிதான் இருக்கும். ஆன்லைன் டூல்ஸில் யாருக்குக் கை பழகியிருக்கிறதோ அவருக்கே வேலை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கும் இதிலிருந்து தப்பிக்க வழியில்லை. நூலகம் ஆட்டோமேட் ஆகியிருக்கிறதா என்பது கல்லூரிகளை மதிப்பிடும் நாக் ஆய்வில் நேரடிக் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

1. முதலில் கோஹா. 2000-இல் நியூசிலாந்தில் வெளிவந்த இலவச நூலக மென்பொருள். காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் தரும் சோல் மென்பொருளும் நம் கல்லூரிகளில் ஓடுகிறது. இருந்தாலும் கோஹாவில் தொடங்குங்கள். வீட்டு லேப்டாப்பிலேயே பழகலாம். விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதில் உபுண்டு ஏற்றி, கோஹாவை நீங்களே இன்ஸ்டால் செய்யுங்கள். வெண்டர் வந்து செய்து தரட்டும் என்று காத்திருப்பவர் கடைசிவரை வெண்டருக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பார்.

2. டேட்டா மைக்ரேஷன். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அக்சஷன் ரெஜிஸ்டரை எக்செலில் ஏற்றி, மார்க்எடிட் மென்பொருள் வழியாக மார்க் 21 கேட்டலாக் வடிவத்துக்கு மாற்றி, கோஹாவுக்குள் கொண்டுவர வேண்டும். 020 ஐஎஸ்பிஎன், 100 ஆசிரியர், 245 தலைப்பு, 260 பதிப்பு விவரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த எண்கள் வர வேண்டும்.

13 இலக்க ஐஎஸ்பிஎன்னை எக்செலில் அப்படியே அடித்தால் 9.78E+12 என்று சுருங்கிவிடும். அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றுங்கள். பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றவே ஏற்றாதீர்கள். தேடினால் ஒன்றும் வராது. பெயர்களிலும் கவனம். ஒரே ஆசிரியர் ஓரிடத்தில் மு.வ., இன்னோரிடத்தில் மு. வரதராசன், வேறோரிடத்தில் டாக்டர் மு. வரதராசனார் என்று பதிவாகியிருப்பார். மாணவர் ஒரு பெயரைத் தேடி, கிடைத்த நாலு புத்தகத்தோடு போய்விடுவார். மற்றவை அலமாரியிலேயே கிடக்கும். ஒரே வடிவத்தை முடிவு செய்து அத்தாரிட்டி ஃபைலில் கட்டிப்போடுங்கள். எந்த வெண்டரும் பொறுமையாகச் செய்து தராத வேலை இது. உங்கள் மதிப்பு ஏறுவதும் இதில்தான்.

3. இ-ரிசோர்சஸ். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், சுமார் 13,000 இதழ்கள். முதல் கட்டத்தில் பயன் அரசு நிறுவனங்களுக்குத்தான். நீங்கள் சுயநிதிக் கல்லூரியில் இருந்தால் என்-லிஸ்ட், டெல்நெட் பக்கம் போங்கள். ஷோத்கங்கா ஆய்வேடுகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் எல்லோருக்கும் இலவசம். நம் மாணவர்களில் பலர் ஆத்தூர், எடப்பாடி என்று தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். சாயங்காலம் நூலகத்தில் உட்கார அவர்களுக்கு நேரம் கிடைக்காது. வீட்டிலிருந்தே போனில் லாகின் செய்யக் கற்றுக்கொடுங்கள். யூசேஜ் தானாக ஏறும். ரிப்போர்ட்டில் அது உங்கள் பெயருக்குத்தான் வரவு.

4. பிளேஜியரிசம் செக். யுஜிசி-யின் 2018 விதிப்படி ஆய்வேட்டில் ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்தாகும். ரிப்போர்ட்டில் மேற்கோள், நூற்பட்டியல், பொதுச் சொற்கள் எவை, உண்மையான நகல் எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பேராசிரியர்களே உங்களைத் தேடி வருவார்கள். கூடவே, மேற்கோள்களை ஒழுங்காகக் குறிக்க உதவும் ஸோட்டெரோவும் கற்றுக்கொடுங்கள்.

5. செய்ததைக் காட்டுங்கள். கோஹாவின் ரிப்போர்ட்ஸ் பகுதியில் கொஞ்சம் எஸ்க்யூஎல் பழகினால், எந்தத் துறை எத்தனை புத்தகம் எடுத்தது, எது வாங்கிய நாளிலிருந்து தொடப்படவே இல்லை என்று நிமிடத்தில் எடுக்கலாம். மாதம் ஒரு பக்கம், பிரின்சிபால் மேசைக்கு. அடுத்த பட்ஜெட் பேச்சில் உங்களைக் கூப்பிடுவார்கள்.

ரெஸ்யூமேயில் 'கணினி அறிவு உண்டு' என்ற வரியை இன்றே எடுத்துவிடுங்கள். எத்தனை ரெக்கார்டு மைக்ரேட் செய்தீர்கள், எந்த வெர்ஷனில் செய்தீர்கள் என்று எழுதுங்கள். இன்டர்வியூவுக்கு லேப்டாப்பை எடுத்துப் போய், நீங்கள் அமைத்த கேட்டலாக்கில் தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் தேடிக் காட்டுங்கள்.