டபிள்யூ.எச்.ஓ. எந்தக் கல்லூரிக்கும் சான்று கொடுப்பதில்லை

போன மாதம் மட்டும் நான்கு தடவை கேட்டுவிட்டேன். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூக்கடை வாசலில் ஒருவர். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் ரசத்துக்குக் கை நீட்டியபடியே ஒருவர். காப்பாரில் ஒரு கல்யாணப் பந்தியில் ஒருவர். நான்காவது, என் சொந்த மைத்துனர். வாக்கியம்கூட மாறவில்லை: "அந்த யுனிவர்சிட்டி டபிள்யூ.எச்.ஓ. லிஸ்டுல இருக்கு சார். அப்புறம் என்ன பயம்?" மைத்துனர் மட்டும் 'சார்' போடவில்லை.

இருபத்தாறு ஆண்டுகள் ஆறாம் படிவத்துக்கு உயிரியல் நடத்தியவன் நான். ஒரே கேள்விக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பொறுமையை அந்தத் தொழில் கொடுத்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது தீர்ந்துபோய்விட்டது. ஆகவே கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் எந்த மருத்துவக் கல்லூரியையும் பரிசோதிப்பதில்லை, அங்கீகரிப்பதுமில்லை. அது அதன் வேலையே அல்ல. ஒரு காலத்தில் உலகத்து மருத்துவக் கல்லூரிகளின் பெயர்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கடைசி அச்சுப் பதிப்பு 2000-இல் வந்தது. பிறகு அந்தப் பொறுப்பு கைமாறி, டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகம் நடத்திய அவிசென்னா தொகுப்புக்குப் போனது. 2014-இல் அதுவும் அமெரிக்காவிலிருந்து நடந்துவந்த இன்னொரு தொகுப்பும் ஒன்றாகி, இன்றைய 'உலக மருத்துவக் கல்லூரிகள் விவரத்தொகுப்பு' பிறந்தது. அதை நடத்துவது மருத்துவக் கல்விக்கான உலகச் சம்மேளனமும் ஃபைமர் என்ற அமைப்பும். இதில் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு கல்லூரி அங்கீகாரம் பெற்றதாகக் கொள்ளக்கூடாது என்று அந்தத் தொகுப்பே சொல்கிறது. ஏஜெண்டு காட்டும் கைப்பேசித் திரையில் அந்த வரி எப்படியோ தெரிவதே இல்லை.

பழைய டெலிபோன் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? அதில் பெயர் இருந்த ஒரே காரணத்துக்காக யாருக்காவது பெண் கொடுத்தோமா?

இங்கே யார் டாக்டர் என்பதைத் தீர்மானிப்பது 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம். அதன் இரண்டாம் அட்டவணையில் எந்தக் கல்லூரி, அந்தக் கல்லூரியின் எந்தப் பட்டம் என்று பெயர் சொல்லி வைத்திருக்கிறார்கள். மலேசிய மருத்துவ மன்றம் அதைத் தன் இணையத்தளத்தில் யாரும் பார்க்கும்படி போட்டிருக்கிறது. காசு கேட்பதில்லை. 'ரஷ்யா ஓகே', 'இந்தோனேசியா ஓகே', 'இந்தியா ஓகே' என்று நாடு நாடாக நாம் பேசுகிறோம். அட்டவணை அப்படிப் பேசாது. மேடானில் ஒரு பல்கலைக்கழகம் அதில் இருக்கும், அதே தீவில் வேறோர் ஊரில் இருப்பது இருக்காது. மணிப்பாலில் படித்த மாமா டாக்டராக வந்தார் என்பதால் கர்நாடகத்தின் எல்லாக் கல்லூரியும் மணிப்பால் ஆகிவிடாது.

பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்துவிட்டு வந்தால்? "வந்து ஒரு சின்ன எக்ஸாம் எழுதினா போதும்" என்பது ஏஜெண்டுகள் பாடும் பல்லவியின் அடுத்த அடி. அந்தச் 'சின்ன எக்ஸாம்' பல காலம் எப்படி நடந்தது தெரியுமா? மலாயாப் பல்கலைக்கழகம், யு.கே.எம்., யு.எஸ்.எம். ஆகியவற்றின் இறுதியாண்டு மருத்துவ மாணவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து அதே தேர்வை எழுதவேண்டும். ஐந்து வருடம் இந்த நாட்டு மருத்துவமனை வார்டுகளிலேயே நின்று, மலாயில் நோயாளியிடம் கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளைகளோடு. அது தனித் தகுதித் தேர்வாக மாறிய பிறகும் இளகவில்லை. அதைத் தாண்டாமல் பயிற்சி மருத்துவருக்கான தற்காலிகப் பதிவு கிடையாது. பதிவு இல்லாமல் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடிக்க முடியாது.

பட்டியலில் உள்ள கல்லூரியில் படித்து முறைப்படி வருகிற பிள்ளைகளின் பாடே இங்கே லேசாக இல்லை. 2016 டிசம்பரில் இருந்து புதிய மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26 அன்று கறுப்பு உடையில் அவர்கள் வார்டை விட்டு வெளியே வந்து நின்றது மறந்திருக்காது. இருக்கிற வரிசையே இவ்வளவு நீளம் என்றால், வரிசையிலேயே சேர்க்கப்படாத பிள்ளையின் கதி என்ன?

நம் ஆட்களுக்கு இதெல்லாம் புதுச் செய்தியும் அல்ல. சிம்ஃபெரோபோல் என்ற பெயரை நாற்பது வயதைத் தாண்டிய மலேசியத் தமிழர் யாரும் மறந்திருக்க முடியாது. உக்ரேனில் கிரைமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகம் இருந்த ஊர். தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிவந்த குடும்பங்கள், பிரைவட் காலேஜ் கட்டணத்தில் பாதிகூட ஆகாது என்று பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அங்கே அனுப்பின. 2005-இல் அதன் அங்கீகாரத்தை விலக்கிக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. நுழைவுத் தகுதி இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அப்போது சுகாதார அமைச்சர் சுவா சொய் லெக். ம.இ.கா. தலைவரும் பொதுப்பணி அமைச்சருமான சாமிவேலு வெளிப்படையாகவே எதிர்த்தார். ஒரே அமைச்சரவையில் இருந்த இருவர் இப்படி எதிரெதிராக நின்றதைப் பத்திரிகைகளில் நாள்தோறும் படித்தோம். அந்த நாள்களில் ஆசிரியர் அறைக்கு வெளியே வந்து நின்ற பெற்றோரின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன.

அங்கே படித்தவர்கள் எல்லாம் சோடை என்று சொல்லவரவில்லை. என் முழங்காலைப் பார்க்கிற டாக்டரே அங்கே படித்தவர்தான், கெட்டிக்காரர். அங்கீகாரம் என்பது கல்வெட்டு அல்ல, நாளை மாறலாம் என்பதுதான் நான் சொல்வது. கல்லூரி மட்டுமா, அது நின்ற நாடே மாறிப்போயிற்று. 2014-இல் கிரைமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது. அந்தக் கல்லூரி வெர்னாட்ஸ்கி பெயரிலுள்ள ரஷ்யக் கூட்டரசுப் பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவானது. 2022 பிப்ரவரி 24-இல் போர் மூண்டபோது உக்ரேனின் மற்ற ஊர்களில் படித்துக்கொண்டிருந்த பல நாட்டு மருத்துவ மாணவர்கள் எல்லையைத் தேடி ஓடினார்கள். நீங்கள் கேட்ட டபிள்யூ.எச்.ஓ. அதில் என்ன செய்திருக்க முடியும்?

இன்னொரு கதவையும் நம்மவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. மருத்துவம் படிக்க வெளிநாடு போகுமுன் உயர்கல்வி அமைச்சிடம் ஆட்சேபணை இல்லைச் சான்றிதழ் வாங்க வேண்டும். என்.ஓ.சி. என்றால் எல்லாருக்கும் தெரியும். எஸ்.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இவற்றோடு இன்னொரு பாடம், ஐந்திலும் குறைந்தது 'பி' வேண்டும். இரண்டு பாடத்தில் 'சி' வாங்கிய பையனிடம் "அங்கே போய் ஆறு மாத பிரிபரேட்டரி கோர்ஸ் செய்தால் சரியாகிவிடும்" என்று ஒரு ஏஜெண்டு சொன்னதை நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். சரியாகாது. கல்லூரி அவனைச் சேர்த்துக்கொள்ளும், கட்டணத்தையும் வாங்கிக்கொள்ளும், பட்டம்கூடக் கொடுக்கும். திரும்பி வந்து பதிவுக்கு நிற்கும்போதுதான் எஸ்.பி.எம். சான்றிதழை மேசைமேல் விரிப்பார்கள்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மூச்சைச் செலவழிக்க மாட்டேன்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நீட் வேண்டாமாம். தவறு. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர வெளிநாட்டவரும் நீட் தேற வேண்டும். 2022-இல் இந்தியாவுக்கு வெளியே 14 நகரங்களில் தேர்வு மையம் வைத்தபோது கோலாலம்பூரும் அதில் ஒன்று.

பி.டி.பி.டி.என். கடன் எடுத்து லண்டன் போகலாமாம். அந்தக் கடன் உள்நாட்டு உயர்கல்விக்கு மட்டும்.

இ.பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துக் கட்டிவிடலாம் என்கிறார் ஒரு லாரி ஓட்டுநர். கல்விக்கான தொகை செஜாத்ரா கணக்கிலிருந்துதான் வரும். 2024 மே மாதத்தில் இருந்து நீங்கள் போடும் ஒவ்வொரு நூறு வெள்ளியிலும் அந்தக் கணக்குக்குப் போவது பதினைந்துதான். எழுபத்தைந்து, ஓய்வுக்காலக் கணக்கில் பூட்டிக் கிடக்கும். நல்லவேளை என்பேன் நான்.

பகுதிநேர வேலை பார்த்தே கட்டணம் கட்டிவிடலாம் என்பது பழைய கனவு. ஆஸ்திரேலியாவில் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், பிரிட்டனில் வாரத்துக்கு 20 மணி நேரம். அது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஆகும். ஆஸ்திரேலிய விசாவுக்கு ஒரு வருடச் செலவாக 29,710 டாலர் கையில் இருப்பதை முதலிலேயே காட்ட வேண்டும். விசாக் கட்டணம் மட்டும் 2025 ஜூலையிலிருந்து 2,000 டாலர், விசா மறுக்கப்பட்டாலும் அது போனதுதான்.

ஜெர்மனி இலவசமாமே? அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் உண்மை. ஆனால் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017-லிருந்தே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு வருடச் செலவுக்கென்று 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டினால்தான் விசா பேச்சே.

சரி, இவ்வளவு திட்டிவிட்டு என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். என் பழைய பாட்டைத்தான் பாடப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: ஆறாம் படிவம். அரசுப் பள்ளியில் மூன்று பருவம், ஒன்றரை வருடம், கட்டணம் சொற்பம். எஸ்.டி.பி.எம். சான்றிதழைப் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஏற்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் ஏற்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் மனுப் போடலாம், வெளிநாட்டுக்கும் போடலாம். வீட்டை அடகு வைப்பதா வேண்டாமா என்று யோசிக்க அப்பாவுக்கு ஒன்றரை வருடம் அவகாசமும் கிடைக்கும். ஆனால் ஐந்தாம் படிவம் முடிந்ததுமே நம் பிள்ளைகள் பவுண்டேஷன் கோர்ஸ்களுக்குப் பறக்கிறார்கள். எஸ்.டி.பி.எம். கஷ்டம் என்று யாரோ சொன்னார்களாம். கஷ்டம்தான். மருத்துவம் அதைவிட லேசு என்று அந்த யாரோ சொன்னாரா?

போன சனிக்கிழமை ஓர் அம்மாவும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். பெண்ணுக்கு நல்ல மதிப்பெண். ஏஜெண்டுக்கு முன்பணம் ஐயாயிரம் வெள்ளி கட்ட ஒரு வாரம் இருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. மருத்துவ மன்றத்தின் பட்டியலைக் கைப்பேசியில் திறந்து அந்தப் பெண்ணிடமே கொடுத்தேன். அந்த நாட்டின் பெயருக்கு வந்தாள், கீழே இறங்கினாள், மறுபடி மேலே போனாள், மறுபடி இறங்கினாள். தேநீர் ஆறிப்போயிற்று. கல்லூரியின் பெயர் இல்லை.

"டபிள்யூ.எச்.ஓ.ல இருக்குன்னு சொன்னாங்களே சார்" என்றார் அம்மா. ஐந்தாவது தடவை.

பிறகு ஆறாம் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டார், பாடங்களைக் கூட எழுதிக்கொண்டார். மகள் மட்டும் உதட்டைச் சுழித்தாள்.

"மறுபடியும் ஸ்கூல் பெல்லா சார்?"

ஏழரைக்கு அடிக்கும் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.