ஹேண்டில் ஏன் உதறுகிறது?

மும்பையில் தேவ்நார் என்றதும் இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, 1927 முதல் நகரத்துக் குப்பை வந்து குவிந்த இடம். மற்றொன்று, 1971இல் தொடங்கிய இறைச்சிக்கூடம். இரண்டுக்கும் லாரிகள் ஓடி ஓடிச் சாலை குழியாகும். அந்தக் குழிகளில் தினமும் ஏறி இறங்கும் மோட்டார் சைக்கிள் என்ன ஆகும்?

அங்கே ஓர் இளைஞரிடம் பழைய புல்லட் இருந்தது. நம் திருவொற்றியூரில் செய்த வண்டி. அதில் மனைவியோடு திருநெல்வேலிக்குப் போக ஆசைப்பட்டார். புனே, கோலாப்பூர், பெங்களூரு, சேலம், மதுரை வழியாகச் சுமார் 1,600 கிலோமீட்டர். மும்பை-புனே விரைவுச் சாலையில் இரு சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை. பழைய சாலையில் கண்டாலா மலை ஏறித்தான் போக வேண்டும்.

ஒரு ஞாயிறு காலை இருவரும் வாஷி பாலம் வரை போய்ப் பார்த்தார்கள். வேகம் 60ஐத் தொட்டது. ஆக்சிலேட்டரை விட்டார். வேகம் குறையும்போது ஹேண்டில் படபடவென்று உதறியது. மனைவி அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஊருக்கு ரயிலிலேயே போவோம்" என்றார்.

டயர் கடைக்காரர் டயரை மாற்றச் சொன்னார். இன்னொருவர் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொன்னார். இப்படி ஒவ்வொன்றாக மாற்றினால் பணம்தான் போகும். கடைசியில் ஊர்க்கார மெக்கானிக் அண்ணாச்சியிடம் வந்தார்.

அண்ணாச்சி ஸ்பேனரைத் தொடவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"எப்போ உதறுது தம்பி? வேகம் கூடும்போதா, குறையும்போதா?"

"குறையும்போது, அண்ணாச்சி."

"ஹேண்டில் மட்டுமா, வண்டி முழுசும் ஆடுதா?"

"ஹேண்டில்தான்."

இந்தக் கேள்விகள் எதற்கு? ஹேண்டில் நொடிக்கு 4 முதல் 10 தடவை படபடத்தால் கோளாறு பெரும்பாலும் முன்பக்கம் இருக்கும். வண்டி முழுதும் பாம்பு போல மெல்ல நெளிந்தால் பின்பக்கம் பார்க்க வேண்டும். பின்சக்கரம், ஸ்விங் ஆர்ம் புஷ், பின்னால் கட்டிய சுமை இவற்றில் ஏதாவது காரணமாக இருக்கலாம்.

ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியைப் பார்த்திருப்பீர்கள். வேகமாகத் தள்ளினால் அதன் சின்னச் சக்கரம் இப்படியும் அப்படியும் துடிக்கும். சக்கரம் நேராக நிற்கத்தான் பார்க்கிறது. பிடிப்பு தளர்ந்திருந்தால் நேரில் நிற்காமல் மறுபக்கம் தாண்டிவிடுகிறது. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரமும் அப்படித்தான்.

செலவில்லாத வேலையை அண்ணாச்சி முதலில் செய்தார். டயர் சூடாகும் முன் காற்றை அளந்தார். முன்சக்கரத்தில் குறைவாக இருந்தது. சரியாக நிரப்பி ஓட்டிவரச் சொன்னார். உதறல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பிறகு ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்தார். ரிம்மில் கோட்டம் இருந்தால் ஓர் இடத்தில் மட்டும் கோடு விழும். விழவில்லை. ஸ்போக்குகளைத் தட்டினார். எல்லாம் கணீரென்று ஒலித்தன. சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தார். பேரிங்கில் ஆட்டம் இல்லை.

அடுத்து, போர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தார். 'டக்' என்றது! ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினார். நடுவில் வந்ததும் குழியில் விழுந்ததுபோல் நின்றது.

"கோன் செட் போச்சு தம்பி."

ஹேண்டில் திரும்புவதற்காக வண்டியின் கழுத்தில், மேலேயும் கீழேயும் பால்ரஸ் குண்டுகள் இருக்கின்றன. அதுதான் கோன் செட். சாலையில் அடி விழும்போது ஹேண்டில் பெரும்பாலும் நேராக இருக்கும். அதனால் குண்டுகள் ஒரே இடத்தில் இடித்து இடித்துப் பள்ளம் போட்டுவிடும்.

"நட்டை முறுக்கினால் போதாதா?"

"போதாது. முறுக்கினா அந்தப் பள்ளத்திலேயே சிக்கும். மெதுவாப் போனா வண்டி குடிகாரன் மாதிரி தள்ளாடும்."

குண்டு, கப், கோன் மூன்றையும் சேர்த்து மாற்றி, கிரீஸ் வைத்தார். முன்சக்கரம் தூக்கியிருக்க, ஹேண்டிலை விரலால் தட்டினார். அது தானாகப் பக்கத்தில் சாய்ந்தது. இழுத்தால் 'டக்' சத்தம் இல்லை. இதுதான் சரியான அளவு.

"பெட்டியை எங்கே கட்டுறது?" என்று மனைவி கேட்டார். நல்ல கேள்வி. பின்சக்கரத்துக்கும் பின்னால் பாரம் ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி, உதறல் எளிதில் வரும். பாரம் தாழ்வாக, இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

ஓடும்போது ஹேண்டில் உதறினால் சட்டென்று பிரேக் போடாதீர்கள். முழங்காலால் டேங்கை இறுக்குங்கள். கையை விறைக்காதீர்கள். ஆக்சிலேட்டரை மெல்லக் குறையுங்கள்.

அடுத்த ஞாயிறு அதே வாஷி பாலம். வேகம் 60. ஆக்சிலேட்டரை விட்டார். ஹேண்டில் அசையவில்லை. மனைவி அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

பயிற்சி

அண்ணாச்சி காற்றை ஏன் முதலில் பார்த்தார்? 'டக்' சத்தம் எதைக் காட்டியது? உங்கள் தெரு வண்டி ஒன்றின் டயர்க் காற்றை அளந்து எழுதுங்கள்.