பள்ளி நர்ஸின் இண்டென்ட்: எதைக் கேட்பது, எப்படி வாங்குவது

மருத்துவமனை வார்டில் பஞ்சு தீர்ந்தால் இண்டென்ட் எழுதி ஸ்டோருக்கு அனுப்புவோம், மாலைக்குள் வந்துவிடும். பள்ளியில் அந்த ஸ்டோரே நீங்கள்தான். பர்ச்சேஸ் பிரிவும் நீங்கள்தான். வார்டு வேலையை விட்டுத் தனியார் பள்ளிக்கு வரும் நர்ஸ்களுக்குக் கட்டுப்போடுவதில் தடுமாற்றம் வராது. மார்ச் மாதத்தில் அக்கவுண்ட்ஸ் ஆபீஸிலிருந்து “சிக் ரூமுக்கு அடுத்த வருஷம் எவ்வளவு வேணும் சிஸ்டர்?” என்று கேட்கும்போதுதான் விழிப்பார்கள்.

பலரும் அப்போது செய்வது ஒன்றுதான்: போன வருட பில்களைக் கூட்டி, மேலே பத்து சதவீதம் போட்டுக் கொடுத்துவிடுவது. பில் சொல்வது வாங்கிய கணக்கை. செலவான கணக்கு சிக் ரூம் ரிஜிஸ்டரில் இருக்கிறது. இப்போது பழைய பில்லை நம்பமுடியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கும், பேண்டேஜ், காஸ் துணிக்கும் ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமாகவும், தெர்மாமீட்டருக்கு 18-இலிருந்து 5 ஆகவும் இறங்கியிருக்கிறது. சானிட்டரி நாப்கினுக்கு 2018 ஜூலையிலிருந்தே வரி கிடையாது. பழைய விலையிலேயே கொட்டேஷன் தருகிற கடைக்காரரிடம் இதை நாம்தான் கேட்கவேண்டும்.

ரிஜிஸ்டரைப் படிப்பது

ரிஜிஸ்டரில் தேதி, வகுப்பு, என்ன தொந்தரவு, என்ன கொடுத்தோம் என்று நான்கு கட்டங்கள் ஒழுங்காக இருந்தால் போதும். மாதம் மாதமாகக் கூட்டுங்கள். எது உண்மையில் தீர்கிறது என்பது தெரியும். பெரும்பாலான பள்ளிகளில் முதலிடம் மாத்திரைக்கு வராது. நாப்கின், பிளாஸ்டர், பஞ்சு, ஐஸ் பேக் ஆகியவைதான் மேலே நிற்கும்.

எப்போது ஆர்டர் போடுவது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பள்ளியில் மாதத்துக்கு 150 நாப்கின் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் சரக்கு வந்துசேர 10 நாள் ஆகும். அந்தப் பத்து நாளுக்கு 50. கைகாவலுக்கு அரை மாதத்துக்கு 75. ஆக, அலமாரியில் 125 இருக்கும்போதே போன் செய்யவேண்டும். இந்த எண்ணை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டால், நீங்கள் லீவில் இருந்தாலும் ஆயாம்மா பார்த்துச் சொல்லிவிடுவார்.

மாத சராசரியை மட்டும் நம்பினால் நம் ஊர்ப் பருவங்கள் ஏமாற்றிவிடும். ஜூனில் புதிய ஷூ கடித்த கொப்புளங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலக் காய்ச்சல், கூடவே மெட்ராஸ் ஐ. விளையாட்டு விழாவுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் க்ரேப் பேண்டேஜும் ஐஸ் பேக்கும் பறக்கும். பி.டி. சாரிடம் விழாத் தேதியை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லமாட்டார், சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றாது.

எதை வெட்டக்கூடாது

நர்ஸிங் படிப்பில் விஇடி பகுப்பாய்வு என்று படித்தோமே, அது உயிர்பெறும் இடம் இதுதான். உயிர் காப்பவை, அவசியமானவை, இருந்தால் நல்லவை என்று மூன்று வண்ணத்தில் பட்டியலைப் பிரியுங்கள். நெபுலைசரும் குழந்தை அளவு மாஸ்க்கும், ஸ்பேசரும் வருடத்தில் இரண்டே முறை பயன்பட்டாலும் முதல் வண்ணம். குளூக்கோமீட்டர் ஸ்ட்ரிப் அப்படியே. முதல் வகை நீரிழிவு உள்ள ஒரு குழந்தை பள்ளியில் இருந்தாலும், தாழ்சர்க்கரைக்குக் குளூக்கோஸ் பவுடர் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். கரஸ்பாண்டென்ட் தொகையைக் குறைக்கச் சொன்னால் மூன்றாம் வண்ணத்தில் கை வைக்கலாம். முதல் வண்ணத்தைப் பேச்சுக்கே எடுக்காதீர்கள்.

பட்டியலில் பலர் சேர்க்காத ஒரு பொருளைச் சொல்கிறேன்: நாள்பட இருக்கும் சின்ன டெட்ரா பேக் பால். நிரந்தரப் பல் வேரோடு விழுந்துவிட்டால் பல்லைப் பாலில் போட்டு உடனே பல் மருத்துவரிடம் எடுத்துப்போகலாம். அரை மணி நேரத்துக்குள் பொருத்தினால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். கேண்டீனில் அந்த நேரம் பால் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

வாங்காமல் இருப்பதும் பட்ஜெட்தான். இருமல் சிரப் வேண்டவே வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் நச்சு கலந்த இருமல் சிரப் குடித்த குழந்தைகள் இறந்தார்கள். அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. நிமசுலைடு 12 வயதுக்குக் கீழே 2011 முதல் தடை. குடற்புழு நீக்க அல்பெண்டசோல் மாத்திரைக்குக் காசு ஒதுக்காதீர்கள்: வருடத்துக்கு இரண்டு முறை அரசே இலவசமாகத் தருகிறது, தனியார் பள்ளிகளுக்கும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாணவர் எண்ணிக்கையை நேரத்தில் கொடுத்தால் போதும். நாய்க்கடிக்கு நம்மிடம் தேவை சோப்பும் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரும். ஊசி அரசு மருத்துவமனையில் போடுவார்கள்.

பாராசிட்டமால் சிரப்பில் மட்டும் கொஞ்சம் நிதானம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. விலை குறைவு என்று இரண்டையும் கலந்து வாங்கி ஒரே தட்டில் வைத்தால், கூட்டமான ஒரு காலையில் அளவு இரட்டிப்பாகிவிடும். ஒரே வீரியம், ஒரே கம்பெனி என்று இண்டென்டிலேயே எழுதுங்கள். எந்த மருந்தானாலும் பள்ளி மருத்துவரின் எழுத்துபூர்வ உத்தரவும் பெற்றோரின் சம்மதமும் கோப்பில் இருக்கவேண்டும். அவை இல்லாத மருந்து பட்டியலிலேயே வரக்கூடாது.

பெரிய பாட்டில் மலிவல்ல

கடைக்காரர் 500 மில்லி சலைனைக் காட்டி “இதுதான் லாபம் மேடம்” என்பார். திறந்த சலைனை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. ஒரு கண்ணைக் கழுவிவிட்டு மீதியைக் கொட்டுவதற்கு 100 மில்லி பாட்டிலே மலிவு. ஓஆர்எஸ்ஸும் அப்படித்தான். ஒரு லிட்டர் பாக்கெட்டைக் கரைத்து, குழந்தை ஒரு டம்ளர் குடித்ததும் பெற்றோர் வந்து அழைத்துப் போய்விடுவார்கள். 200 மில்லிக்கான சிறு பாக்கெட் வாங்குங்கள்; பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது. பழைய சரக்கு யாராவது தள்ளப் பார்த்தால் ஏமாறவேண்டாம்.

கொட்டேஷன் மூன்று வாங்குங்கள். ஆனால் மூன்று கடைக்கும் ஒரே தாளைக் கொடுக்கவேண்டும்; இல்லாவிட்டால் ஒருவர் 6 சென்டிமீட்டர் க்ரேப் பேண்டேஜுக்கும் இன்னொருவர் 10 சென்டிமீட்டருக்கும் விலை போட்டுத் தருவார், ஒப்பிடவே முடியாது. தாளின் அடியில் இரண்டு நிபந்தனைகள்: சரக்கு வந்துசேரும் நாளில் குறைந்தது ஒன்றரை வருட எக்ஸ்பைரி இருக்கவேண்டும், காலாவதிக்கு மூன்று மாதம் முன்பு திருப்பிக் கொடுத்தால் மாற்றித் தரவேண்டும். வெட்டாத ஸ்ட்ரிப்பை மொத்தக் கடைகள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும், வெட்டியதைத் தொடாது. பில்லில் பேட்ச் நம்பர் இல்லையென்றால் சரக்கை இறக்காதீர்கள்.

சென்னைப் பள்ளிகளுக்குப் பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவின் சர்ஜிகல் கடைகள் வசதி. மற்ற ஊர்களில் அரசு மருத்துவமனையைச் சுற்றியுள்ள கடைகளில் விசாரிக்கலாம். மாத்திரைகளுக்கு மக்கள் மருந்தகத்தையும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்தையும் கொட்டேஷனில் சேர்த்துப் பாருங்கள். ஜெனெரிக் என்றால் மட்டம் என்று நினைக்கும் நிர்வாகிகளிடம் கொஞ்சம் பேசவேண்டியிருக்கும்.

யார் பணம்?

சிக் ரூம் தலைப்பில் எல்லாவற்றையும் போட்டு நம் தலையில் ஏற்றிக்கொள்ளக்கூடாது. பள்ளிப் பேருந்துகளில் முதலுதவிப் பெட்டி இருக்கவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பள்ளிப் பேருந்துச் சிறப்பு விதிகளில் உள்ளது. கோடையில் ஆர்டிஓ ஆய்வுக்கு வரும்போது திறந்து பார்ப்பார்கள். அந்தச் செலவு போக்குவரத்துத் தலைப்பில் போகட்டும். பெட்டியை நிரப்புவது மட்டும் நம் வேலை. வெயிலில் நிற்கும் பஸ்ஸில் களிம்பு உருகிவிடும், ஆகவே அதில் மருந்து வேண்டாம். காஸ், பேண்டேஜ், கத்தரி, கையுறை போதும்.

கழிவுக்கும் ஒரு வரி எழுதுங்கள். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் பள்ளி முதலுதவி அறைகளைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. மஞ்சள் பையும் கழிவை எடுத்துச்செல்லும் கட்டணமும் யாருக்கும் ஞாபகம் வராத செலவுகள்.

கரஸ்பாண்டென்டிடம் போகும்போது ஒரே பக்கம் எடுத்துப்போங்கள். இடப்பக்கம் பொருள், நடுவில் போன வருடம் செலவான எண்ணிக்கை, வலப்பக்கம் கேட்கும் தொகை. கீழே தனியாகக் கைச்செலவுக்கு ஒரு சிறு தொகை: 108 வருவதற்குள் ஆட்டோ பிடிக்க, இரவல் வாங்கிய மருந்துக்குக் காசு கொடுக்க. இதற்குத் தனி நோட்டும் வவுச்சரும் இருந்தால் ஆடிட்டர் கேள்வி கேட்கமாட்டார். தொகை வெட்டப்பட்டால் வாக்குவாதம் வேண்டாம்; எந்தப் பொருள் விடுபடுகிறது என்று அதே தாளில் எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பல நேரம் கையெழுத்துக்குப் பேனாவை எடுத்ததும் தொகை திரும்பி வந்துவிடும்.

ஒப்புதல் கிடைத்ததும் முழு வருடச் சரக்கையும் மே மாதத்திலேயே இறக்கவேண்டாம். பஞ்சு, காஸ், பேண்டேஜை மொத்தமாக எடுக்கலாம். மருந்துகளையும் குளூக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புகளையும் ஜூன், அக்டோபர், ஜனவரி என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு முறையும் பழையதை முன்னால், புதியதைப் பின்னால் அடுக்குங்கள். மாத்திரை ஸ்ட்ரிப்பை வெட்டும்போது எக்ஸ்பைரி அச்சாகியிருக்கும் முனையைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.