கோடரி மறக்கும், மரம் மறக்காது

அன்புள்ள மருமகளுக்கு,

பேச்சுப் போட்டிக்கு நீ எழுதிய உரையைப் படித்தேன். ‘ஓர் ஆப்பிரிக்கப் பழமொழி உண்டு’ என்று தொடங்கியிருக்கிறாய். அந்தத் தொடரை மாற்றிவிடு. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளும் உள்ள கண்டம் அது. நீ எடுத்துக்காட்டியிருக்கும் ‘ஒற்றை விரலால் பேன் நசுக்க முடியாது’ என்பதை ஷோனா மொழியில் சொல்கிறார்கள். ஜிம்பாப்வேயில் பெரும்பான்மையோர் பேசும் மொழி. ஷோனாப் பழமொழி என்றே சொல். உரியவர்களின் பெயரை விழுங்கிவிட்டு அவர்களுடைய அறிவை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

பழமொழியை அவர்கள் ‘த்சுமோ’ என்பார்கள். பொருளை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது. எந்த வாழ்க்கையிலிருந்து அது வந்தது என்று பார்க்க வேண்டும். ‘ஒற்றை ஆளால் புற்றைச் சுற்றி வளைக்க முடியாது’ என்று ஒன்று உண்டு. அந்நாட்டுக் கறையான் புற்றுகள் மரம் முளைக்கும் அளவுக்குப் பெரியவை. ஒரு பக்கம் நீ நின்றால், உள்ளே பதுங்கிய விலங்கு மறுபக்கம் ஓடிவிடும்.

எனக்கு மிகப் பிடித்தவை குற்றத்தையும் காலத்தையும் பற்றியவை. ‘சிஸி’ என்பது மண்ணைக் காக்கும் மூதாதையருக்காக வாரத்தில் ஒதுக்கிய ஓய்வுநாள். அன்று வயலில் இறங்கக் கூடாது. மீறினால் ஊர்த்தலைவர் தண்டம் விதிப்பார், மழையும் பொய்க்கும் என்று நம்புகிறார்கள். இதிலிருந்து வந்தது: ‘சிஸியன்று உழுதால், உழுத அன்றே அது தண்டிப்பதில்லை.’ உழுதவன் மாலையில் நலமாகவே வீடு திரும்புவான். ஒன்றும் ஆகவில்லையே என்று நினைப்பான். விளைவு மெதுவாக வரும் என்பதை இவ்வளவு நிதானமாகச் சொல்லும் வாக்கியத்தை நான் அதிகம் படித்ததில்லை.

‘மோஸ்வா ஹாயியோரி’ என்பது இன்னும் சுருக்கம்: குற்றம் அழுகாது. கொலையுண்டவரின் ஆவி ‘ங்கோஸி’யாக வந்து, கொன்றவனின் குடும்பத்தையே வாட்டும் என்பது அவர்களின் நம்பிக்கை. ‘ங்கோஸிக்கு மருந்து, ஈடு கொடுப்பதே’ என்பது அதையொட்டிய பழமொழி. மறைத்தாலும் ஊரைவிட்டு ஓடினாலும் தீராது. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் முன் நின்று, ஒப்புக்கொண்டு, மாடுகளாக ஈடு கட்ட வேண்டும். இதிலுள்ள நீதியுணர்வு என்னை அசைக்கிறது. ஆனால் முன்பு மாடுகளோடு ஒரு பெண்பிள்ளையையும் ஈடாகக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ செய்த கொலைக்கு ஒரு சிறுமியின் வாழ்க்கை விலை. இன்று ஜிம்பாப்வேயின் சட்டம் அதைத் தடைசெய்கிறது. அது மிகச் சரி. பழமொழியைப் போற்றும்போது இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இவற்றோடு சேர்ந்ததுதான் ‘மறப்பது கோடரி, மரம் மறப்பதில்லை.’ வெட்டியவனுக்கு அது அன்றைய வேலைகளில் ஒன்று. வெட்டுப்பட்டது வடுவோடு வளர்கிறது. ‘பழசை விடுங்கள்’ என்று யாராவது சொல்லும்போது, சொல்பவர் கோடரியா மரமா என்று முதலில் பார்.

எல்லாம் இப்படிக் கனமானவை என்று எண்ணிவிடாதே. ‘விருந்தாளி குதிரைக் காலிசெய்வதில்லை’ என்பார்கள். தானியக் குதிரைத்தான் சொல்கிறார்கள், வந்தவருக்குத் தாராளமாகச் சோளக்களி போடு என்று பொருள். ‘சின்னத் தட்டு, இன்னொரு சின்னத் தட்டு வந்த வீட்டுக்கே போகும்’ என்பதை விளக்க வேண்டியதில்லை.

இன்னும் வேண்டுமென்றால் ஹமுட்யினேயும் பிளாங்கரும் தொகுத்து 1974-இல் வந்த ‘த்சுமோ–ஷுமோ’வைத் தேடிப் பார். உன் உரைக்குப் பேன் பழமொழியை விட்டுவிட்டுக் கோடரியை எடுத்துக்கொள்ளலாம். உன் தலைப்பு ‘மன்னிப்பு’தானே? மன்னிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியோடு தொடங்கு. திருத்தி எழுதியதும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை