எந்தப் படத்துப் பாட்டு?

அன்புள்ள சிங்கம்புணரி வாசகிக்கு,

கயிறு திரிக்கும் கொட்டகையில் யாரோ கைபேசியில் 'என்ஜாய் எஞ்சாமி' போட, இடுப்பில் நாரைக் கட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்துகொண்டிருந்த உங்கள் அப்பத்தா இழையை விட்டுவிட்டு நின்றுவிட்டார் என்றும், "எந்தப் படத்துப் பாட்டு ஆத்தா இது?" என்று கேட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள்.

எந்தப் படத்திலும் வராத பாட்டு என்று அவரிடம் சொல்லுங்கள். 2021 மார்ச் 7 அன்று 'மாஜா' நிறுவனம் அதைத் தனிப்பாடலாக யூடியூபில் வெளியிட்டது. பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடினார்கள். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். கதாநாயகன் இல்லை, பட விளம்பரம் இல்லை. 40 கோடி தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள். சினிமாவை விட்டால் பாட்டுக்குப் பிழைப்பில்லை என்றிருந்த நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அப்பத்தாவை நிறுத்தியது பாட்டின் பின்பகுதியில் வரும் ஒப்பாரியாகத்தான் இருக்க வேண்டும். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். காணொளியிலும் அவர் வருகிறார். உங்கள் அப்பத்தாவும் சிலோன்காரர்தானே! தேயிலைக்கு முந்திய காப்பித் தோட்டக் காலத்தில் உங்கள் சீமைச் சனங்கள் தொண்டியில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மலைக்கு நடந்தே போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பிறகு 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி, அந்தத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. கொழுந்து பறித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தீயின் குரலை 'சோல்' என்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டில் பிறந்த இசை அது. அதற்கும் முன்னால் பருத்திக் காட்டில் அடிமைகள் பாடிய பாட்டு இருக்கிறது. பருத்திக் காட்டுக் குரலும் தேயிலை மலை ஒப்பாரியும் ஒரே பாட்டில் கைகோத்தது எனக்கு அதிசயமாகப் படவில்லை. இரண்டுமே உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள்.

'அப்புறம் பாட்டு யாருடையது என்று ஏன் சண்டை?' என்றும் கேட்டிருந்தீர்கள். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் இதைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. மெட்டும் வரியும் தன்னுடையவை என்று அவர் எழுதினார். மெட்டில் தங்களுக்கும் பங்குண்டு என்று மற்றவர்கள் விளக்கம் தந்தார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், பாட்டின் வருமானத்தில் கலைஞர்கள் எவருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். எனக்கு இதில் மிகவும் வருத்தம். கூலி கிடைக்காதவர்களைப் பற்றிய பாட்டு அது.

ஒப்பாரிக்கு எழுதியவர் பெயர் கிடையாது. எழவு வீட்டில் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள். பிணம் எடுத்ததும் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போன பாட்டுகள் எத்தனையோ.

அப்பத்தா மலையில் பாடியவை இன்னும் நினைவில் இருக்கும். ராட்டைச் சத்தம் அடங்கிய ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் பதிவு செய்யுங்கள். பாட்டுக்கு முன்னால் தன் பெயரையும், தாயார் பெயரையும், வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். சீக்கிரம் செய்யுங்கள், அம்மா.