மாடியில் காகிதப்பூ

கேள்வி: பங்குனி பிறந்தும் எங்கள் மாடித் தொட்டியில் காகிதப்பூச் செடி இலையாகவே தள்ளுகிறது. ரோமன் ரோலண்ட் வீதிச் சுவர்களில் மட்டும் கொட்டிக் கிடக்கிறதே? (வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், சரிதானே? முதலில் அதை நிறுத்துங்கள். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். யூரியா போட்டால் இலைதான் செழிக்கும். நாளெல்லாம் வெயில் படட்டும். அதற்குப் புதுச்சேரியில் பஞ்சமா? பூப்பது புதுத் தளிரில்தான் என்பதால் நீண்ட கிளைகளை வெட்டிவிடுங்கள். 1766-69இல் பிரெஞ்சு மாலுமி பூகேன்வில் உலகைச் சுற்றியபோது, உடன் சென்ற தாவரவியலாளர் கொமெர்சோன் பிரேசிலில் பார்த்த செடி இது. நாம் ரசிக்கும் சிவப்பும் ஊதாவும் வண்ண இலைகள். நடுவிலுள்ள சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. பூத்தபின் தினமும் மாடி பெருக்க வேண்டும், பக்கத்து வீட்டு முணுமுணுப்பையும் கேட்க வேண்டும். கிளை வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முள் பொல்லாதது.